ஆலையை ஆக்கிரமித்தவர் யார்?

தொழிற்சாலைச் சட்டம் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று ஒருவர் வந்து நிற்கிறார். தொழிலாளரின் உடல்நலமும் பாதுகாப்பும் அவர் கடமையாம். எங்கள் குமரி மாவட்டத்தில் ஆக்கிரமிப்பாளர் என்றால் குளத்துப் புறம்போக்கை வளைத்து வேலி போட்டவர். அவருக்கு நோட்டீஸ் போகும், கடமை எங்கிருந்து வந்தது?

ஆங்கில மூலச்சொல் ‘ஆக்குபையர்’ (occupier). லத்தீன் வேருக்குக் கைப்பற்றுதல் என்று பொருள். மொழிபெயர்ப்பாளர் அகராதியோடு நின்றுவிட்டார், சட்டத்தைத் திறக்கவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆலை விவகாரங்களில் இறுதி அதிகாரம் யார் கையிலோ அவர்தான் ஆக்குபையர். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987 திருத்தம் இன்னும் இறுக்கியது: கம்பெனி என்றால் இயக்குநர்களில் ஒருவரே அந்த நபர். மேலாளரை அங்கே நிறுத்திவிட்டு இயக்குநர்கள் நழுவ முடியாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சட்டத்தை மீறினால் அதன் 92-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தச் சொல் தொடர்கிறது.

சிலர் ‘குடியிருப்பவர்’ என்கிறார்கள். ஆலையில் குடியிருப்பவர் வாட்ச்மேன்தான். ‘முதலாளி’யும் சரிவராது; பங்கு வைத்திருப்பவரெல்லாம் முதல் போட்டவர்தான், அதற்காகச் சட்டம் அவரைத் தேடாது.

அடுத்தது ‘பொறுப்பாளர்’. தூய தமிழ், எளிமை என்று இதற்கு ஆதரவு அதிகம். எனக்குச் சம்மதமில்லை. எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கம் ஓர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், போய்ப் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள், சூப்பர்வைசரைக் காட்டுவார்கள். பொறுப்பு மேலிருந்து கொடுக்கப்படுவது. சட்டம் தேடுவதோ கொடுத்தவரை. போதாக்குறைக்குக் கட்சிகளில் வட்டப் பொறுப்பாளர், வார்டு பொறுப்பாளர் என்று அந்தச் சொல்லே தேய்ந்து கிடக்கிறது.

நான் ‘ஆலையாள்பவர்’ என்பேன். கிரையப் பத்திரத்தில் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று எழுதுகிறோமே, அந்த ‘ஆள்’தான். கைவசம் வைத்திருப்பது, கட்டுப்படுத்துவது இரண்டும் அதில் உண்டு. ‘ஆள்பவர்’ என்றால் அரசர் வாடை அடிக்கிறதாம். அடிக்கட்டுமே! புகைபோக்கி வேண்டுமா, கையுறைக்குப் பணம் உண்டா என்பதில் கடைசிச் சொல் அவருடையதுதானே?

தூய்மைச் சண்டை போடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஆலையில் ஒட்டும் அறிவிப்பு, பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது 1948 சட்டத்தின் 108-ஆம் பிரிவு. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு உள்ளங்கை பொத்துப்போன அக்கா அதை வாசித்துவிட்டு, யார்மேல் புகார் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?