எஞ்சினுக்கு லட்சம், பிரேக்குக்குப் பூஜ்யமா?

போன வாரமும் பட்டறைக்கு ஒரு பழைய ஹோண்டா சிட்டி வீடெக் வந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவை ஏற்றி, எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி ரீமேப் செய்து, சைலன்சரையும் மாற்றியிருந்தார்கள். "அண்ணா, ஈசிஆர்ல நூத்தி நாற்பதுல பிரேக் அடிச்சேன், பெடல் அப்படியே உள்ள போயிடுச்சு" என்றான் ஓட்டி வந்த தம்பி. சக்கரத்தைக் கழற்றினோம். டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, அதன் ஓரத்தில் நகம் மாட்டும் அளவுக்குத் தேய்மானம். பிரேக் ஆயில் டிகாக்ஷன் நிறம். டயரின் பக்கவாட்டில் 1817 என்று இருந்தது, அதாவது 2017-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்த டயர். எஞ்சினுக்கு மட்டும் லட்சக்கணக்கில் செலவழித்திருக்கிறான்.

இந்த மாதிரி வண்டி வருவது நிற்கவே மாட்டேன் என்கிறது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை நொடி? எதிரே வைப்பது நிஸ்ஸான் ஜிடி-ஆர் வீடியோ. சரி, அந்த ஜிடி-ஆரையே எடுத்துக்கொள்வோம். 2016 கடைசியில் இந்தியாவுக்கு வந்தபோது விலை கிட்டத்தட்ட 2 கோடி. 3.8 லிட்டர், இரட்டை டர்போ, எடை 1,700 கிலோவுக்கு மேல். அவ்வளவு கனத்தை நிறுத்த முன்பக்கம் 390 மில்லிமீட்டர் டிஸ்க், பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்க ஆறு பிஸ்டன் காலிபர். அகலமான டயர், நான்கு சக்கரத்துக்கும் சக்தி. இதெல்லாம் இருப்பதால்தான் அது வளைவிலும் ஓடுகிறது. வீடியோவில் இதை யாரும் பார்ப்பதில்லை. குதிரைசக்தியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, பின்னால் டிரம் பிரேக் உள்ள சிட்டியில் அதைத் தேடுகிறார்கள்!

1993-இல் வந்த டொயோட்டா சுப்ரா காரின் 2ஜேஇசட் எஞ்சினுக்கு வார்ப்பிரும்பு பிளாக். எவ்வளவு பூஸ்ட், அதாவது டர்போ காற்றழுத்தம், ஏற்றினாலும் தாங்கும் என்று பெயர். அதனால்தான் நேர்கோட்டுப் பந்தயக்காரர்களுக்கு அது செல்லப்பிள்ளை. 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 நேர் எதிர்: 1.6 லிட்டர், ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை. சிக்னலில் பச்சை விழுந்தால் இன்றைய சாதாரண டர்போ கார்கூட அதை முந்திவிடும். வளைவு வளைவாக வரும் டிராக்கில் கதையே வேறு. எடை குறைவு என்பதால் தாமதமாக பிரேக் பிடிக்கலாம், வளைவுக்குள் அதிக வேகத்தை எடுத்துப் போகலாம், டயரும் சீக்கிரம் சூடாகி வழுக்காது. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. நேர்பாதையில் சம்பாதித்ததை அங்கே வளைவில் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ரீமேப் செய்யும் கடையில் இதை யாரும் சொல்வதில்லை, சொன்னால் வியாபாரம் நடக்குமா?

பவர் ஏற்றுவதாக இருந்தால் முதலில் டயர், பிறகு பிரேக், அப்புறம் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர், வீல் அலைன்மென்ட். எஞ்சின் கடைசி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதித்துவிடும். சென்னைக் கடற்காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள். டிராக்குக்குப் போகிறீர்களா, கட்டாயம் புதிதாக மாற்றுங்கள். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காதீர்கள், பின்பக்கம் சுழற்றிவிடும். ராத்திரியில் ஓஎம்ஆரில் பழகுகிறேன் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், தம்பிகளா. அங்கே ஓரமாக வேலை முடித்து சைக்கிளில் போகிறவர் உங்கள் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கவில்லை.

இன்னொன்று. நாளைக்கு டிராக் டே, அதாவது சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டும் நாள், இன்றைக்குச் சாயங்காலம் வந்து "சும்மா ஒரு பார்வை பார்த்துடுங்கண்ணா" என்று நிற்காதீர்கள். சூடு தாங்கும் பிரேக் பேடுக்கு ஆர்டர் போட்டால் வந்து சேர நாளாகும், போட்ட பிறகு பழக்கி ஓட்டவும் வேண்டும். பத்து நாள் முன்னால் வண்டியை விடுங்கள்.