ரெட்லைனிங் – சிவப்புக்கோட்டு விலக்கு

ஒருவருடைய வருமானத்தையோ நாணயத்தையோ பார்க்காமல், அவர் குடியிருக்கும் வட்டாரத்தை மட்டும் காரணம் காட்டி வீட்டுக்கடனும் காப்பீடும் மறுப்பதற்கு அமெரிக்காவில் ‘ரெட்லைனிங்’ என்று பெயர். அந்த வட்டாரங்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்தவை.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கடன் கட்ட முடியாமல் வீட்டை இழக்கவிருந்தவர்களைக் காப்பாற்ற, 1933-இல் கூட்டாட்சி அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தைத் தொடங்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதே கழகம் 1935 முதல் 1940 வரை 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, வட்டாரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்தது. சிவப்பு என்றால் ‘அபாயகரமானது’. கறுப்பினத்தவர் பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பில் விழுந்தன.

என் பார்வையில் இதைவிடப் பெரிய கேடு செய்தது 1934-இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம். வங்கி தரும் வீட்டுக்கடனுக்கு அரசே பொறுப்பேற்கும் ஏற்பாடு அது. முன்பணம் குறைந்தது, தவணைக்காலம் நீண்டது, நடுத்தரக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின. கறுப்பினக் குடும்பங்களுக்கு மட்டும் அந்தக் கதவு பெரும்பாலும் திறக்கவில்லை. டெட்ராய்ட்டில் வெள்ளையருக்காக ஒரு மனைப்பிரிவு போட வந்த கட்டுமான நிறுவனத்துக்கு, பக்கத்தில் கறுப்பினத்தவர் வசிக்கிறார்கள் என்று கடன் பொறுப்பு மறுக்கப்பட்டது. 1941-இல் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பியதும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது.

பழக்கம் 1930-களுடையது என்றாலும் சொல் 1960-களில்தான் பிறந்தது. சிகாகோவைச் சேர்ந்த சமூகவியலாளர் ஜான் மெக்நைட் உருவாக்கியது என்பார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தான நியாய வீட்டுவசதிச் சட்டம் இந்தப் பழக்கத்தைச் சட்டவிரோதமாக்கியது. ஆனால் வீடுதான் அங்கே நடுத்தரக் குடும்பத்தின் முதன்மைச் சொத்து. ஒரு தலைமுறைக்கு வாங்க முடியாமல் போன வீட்டைச் சட்டம் அதன் பிள்ளைகளுக்குத் திருப்பித் தரவில்லை.

தமிழில் ‘செங்கோடிடல்’ என்று சொல்லலாம். ஆனால் கோடு என்றால் மலை முகடும் ஆகும். கடன் மறுப்பு என்ற செயலும் அதில் தெரியவில்லை. ‘ஒதுக்கீடு’ நேர் எதிர்ப்பொருள் தந்துவிடும். ‘சிவப்புக்கோட்டு விலக்கு’ என்பதையே பரிந்துரைக்கிறேன். சட்டம், வங்கி தொடர்பான எழுத்தில் ‘வட்டாரவழிக் கடன் மறுப்பு’ இன்னும் தெளிவாக இருக்கும்.