வெள்ளத் தண்ணீரில் விரால் தேடும் தம்பிகளுக்கு

சென்னையை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரியில் மதகு திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், "சார், சிறுகளத்தூர் பக்கம் ராடு (தூண்டில்) போடலாமா?" என்று எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். உள்நாட்டு மீன்வளத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பாதிப் பேர் யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் பாஸ் மீன் பிடிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள். பாஸுக்குப் போடும் அதே ரப்பர் தவளையைத்தான் இங்கே விராலுக்குப் போடுகிறார்கள்.

அந்த வீடியோக்கள் சொல்வது பொய்யில்லை. ஆறு பெருகும்போது பாஸ் நடு ஓட்டத்தோடு மல்லுக்கட்டாது. கரையோரம் புதிதாக மூழ்கிய புல், புதர், மரவேர் பக்கம் ஒதுங்கும். மண்புழுவும் பூச்சியும் அங்கேதான் அடித்துக்கொண்டு வரும். கலங்கிய நீரில் கண் அவ்வளவு உதவாது. அதனால் உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோட்டால் அதிர்வைப் பிடித்து இரை தேடும். தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஆழம் பார்த்து இறங்கிவிடும்.

விராலும் ஏறக்குறைய இப்படித்தான், ஓரம் தேடி ஒதுங்கும். ஆனால் மழைக்காலம் அதற்கு முட்டையிடும் காலமும்கூட. புதுத் தண்ணீர் ஏறிய வயலிலும் குட்டையிலும் செடிகளுக்கு நடுவே முட்டையிடும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து காற்றைக் குடிக்கும்போது, அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் சலசலக்கும். அதற்குக் கீழே பெரிய விரால் காவல் நிற்கும். அங்கே தவளையைப் போட்டால் கட்டாயம் கடிக்கும். பசியில் இல்லை, குஞ்சைக் காக்கத்தான். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் நீர்க்காகத்துக்கும் இரை. இப்படிப் பிடித்துவிட்டு ரீல்ஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அடுத்தது தண்ணீர். செம்பரம்பாக்கத்து உபரிநீர் போய்ச் சேரும் அடையாற்றில் முதல் பெருமழையில் வருவது மழைநீர் மட்டுமில்லை, அடியில் தேங்கிய சாக்கடைச் சேறும் கிளம்பி வரும். அது ஆக்சிஜனைத் தின்றுவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை இனங்களுக்கு நிம்மதி. 2, 3 என்று இறங்கினால் கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். பட்டினப்பாக்கம் முகத்துவாரத்தில் மீன்கள் செத்து ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். விராலோ நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக்கூடியது. அது துள்ளுகிறதே என்று தண்ணீரை நம்பி, பிடித்ததைக் குழம்பு வைக்காதீர்கள். செத்து மிதக்கும் மீனைத் தொடவே வேண்டாம்.

மதகு திறந்திருக்கும்போது கரைக்குப் போகவே கூடாது என்பதில் நான் கறார். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். உபரிநீர் கூடும்போது கீழே குன்றத்தூரிலோ திருநீர்மலையிலோ நிற்பவருக்கு மழைகூடப் பெய்யாமல் இருக்கலாம், தண்ணீர் ஏறுவது தெரியாது. மீன் ஒதுங்கும் அதே புதரில்தான் பாம்பும் ஒதுங்கும். அதே கரைதான் அடியில் அரித்துப்போய் இருக்கும்.

தூண்டில் முள் குத்திய விரலோடு அந்தத் தண்ணீரில் கை வைத்தால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, எப்போது போகலாம்? மதகு மூடி, நீர்மட்டம் நன்றாக இறங்கிய பிறகு. ஒரு வெள்ளை லூரை (செயற்கை இரையை) கரையிலிருந்தே ஒரு முழம் இறக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் தண்ணீர் தெளிகிறது. ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. அடையாற்றில் பிடித்ததை எப்போதுமே திருப்பி விட்டுவிடுவது நல்லது.

அப்புறம், கலர்மீன் தொட்டிகளிலிருந்து ஏரிக்கு வந்து பெருகிவிட்ட 'டேங்க் கிளீனர்' மீன் மாட்டினால் மட்டும், பாவம் என்று திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள்.