ஒரு சின்னக் காடிக்கு கிரைண்டர் எதற்கு?

யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறை நடத்தும் எனக்கு, தலையில்லாத போல்ட் கேட்டு யாரும் வராத கிழமை குறைவு. தண்ணீர் மோட்டரில் பெல்ட் ஓடும் கப்பியை அச்சில் இறுக்கும் கிரப் ஸ்குரூ தொலைந்திருக்கும். மரைக்கம்பியில் ஒரு துண்டு வெட்டி, முனையில் ஸ்குரூ டிரைவர் இறங்கும் காடி போட்டால் வேலை முடிந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது; கடையில் இல்லாததை வீட்டிலேயே செய்துகொள்வது எங்களுக்குப் பழகிப்போனது. அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் இப்போது பல வீடுகளில் 4 அங்குலக் கிரைண்டர் இருக்கிறது. இந்தச் சின்ன வேலைக்கும் அதையே எடுக்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

விரல் நீளம்கூட இல்லாத போல்ட்டை ஒரு கையில் குறட்டால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிரைண்டரை இறக்குகிறார்கள். "ரெண்டு செக்கன் வேலைதானே அண்ணை" என்றார், கையில் கட்டோடு வந்து நின்ற ஒரு தம்பி. அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் சுழல்வது. தட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. குறட்டுக்குள் போல்ட் சற்றுத் திரும்பினாலும் தட்டு காடிக்குள் இறுகும். கிரைண்டர் உங்கள் பக்கம் எகிறும், அல்லது தட்டு உடைந்து பறக்கும். கிரைண்டருக்கு இரண்டு கையும் வேண்டும். வெட்டப்படும் பொருளை வைஸ்தான் பிடிக்க வேண்டும்.

இன்னும் சில பழக்கங்களைக் காண்கிறேன். காடி வெட்டிய மெல்லிய தட்டின் பக்கவாட்டாலேயே போல்ட்டின் முகத்தைத் தேய்க்கிறார்கள். வெட்டும் தட்டு அந்த அழுத்தத்தைத் தாங்காது. கிரைண்டரின் பாதுகாப்பு மறைப்பைக் கழற்றிவிட்டு 7 அங்குலத் தட்டைப் பூட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் தட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் பெரும்பாலும் 8,500 சுற்றுத்தான். அதை 11,000-இல் சுழற்றுவது தற்கொலைக்குச் சமம். தட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதியும் இருக்கும், பாருங்கள். தட்டைப் பிணைப்பது பிசின். ஈரத்தில் கிடந்தால் அது பலமிழக்கும். சாரமும் செருப்புமாகக் கிரைண்டர் பிடிக்க வேண்டாம். தொங்கும் துணியைத் தட்டு இழுத்துக்கொள்ளும்.

சரி, எப்படி வெட்டுவது? ஹக்சோ போதும். கை வாளால் வெட்டிய காடிதான் நேராகவும் வரும்.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: துண்டாக வெட்டிய பிறகு காடி போடாதீர்கள். நீளக் கம்பியின் முனையில் காடியை முதலில் வெட்டி, அதன் பிறகு தேவையான நீளத்தில் அறுத்தெடுங்கள். அப்போது பிடிப்பதற்குக் கம்பி இருக்கும். மரை நசுங்காமல் இருக்க இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று முட்ட இறுக்கி, நட்டின் தட்டையான பக்கங்களை வைஸில் கொடுங்கள். வெட்டி முடிந்து நட்டைக் கழற்றும்போது, முனையில் நின்ற பிசிறையும் அதுவே வழித்துக்கொண்டு வந்துவிடும். ஏற்கெனவே குட்டையாக இருக்கும் போல்ட்டா? ஒரு நட்டின் ஒரு பக்கத்தை மட்டும் வாளால் பிளந்து, அதற்குள் போல்ட்டை ஏற்றி வைஸில் நெரியுங்கள். பிளவு ஒடுங்கி, போல்ட்டை அசையாமல் பிடிக்கும்.

முகத்தை அரத்தால் மட்டமாக்கி, நடுவில் முக்கோண அரத்தால் ஒரு கீறல் போடுங்கள். அந்தக் கீறல் இல்லாவிட்டால் வாள் வழுக்கும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேட் சின்ன போல்ட்டுக்கு நல்லது. பல் முன்னோக்கி இருக்க வேண்டும். ஒரு பிளேட் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அகலத்துக்கு வெட்டும். எம்6, அதாவது 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள கிரப் ஸ்குரூவில் காடி அகலத்தின் தர அளவும் 1 மில்லிமீற்றர்தான். ஆழம் 1.6 முதல் 2 வரை. எம்8-க்கு அகலம் 1.2, ஆழம் 2 முதல் 2.5. எம்10-க்கு அகலம் 1.6 வேண்டும் என்பதால், இரண்டு பிளேட்டுகளை ஒரே திசையில் சேர்த்துப் பூட்டினால் சுலபம். பேராசைப்பட்டு ஆழமாக வெட்டினால் இரு பக்கக் காதுகளும் முறியும். 12.9 என்ற மிகக் கடினமான தரப் போல்ட்டில் வாள் கடிக்காமல் வழுக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.

இந்தக் காடி போல்ட்டைச் செலுத்தவும் சரிசெய்யவும் மட்டுமே. பிரேக், சில்லு போன்ற இடங்களில் தலையுள்ள போல்ட்டுக்குப் பதிலாக இதைப் போடவே கூடாது. துருவேறிச் சிக்கிய போல்ட்டையும் காடி வெட்டிக் கழற்றலாம் என்று நம்பாதீர்கள். ஸ்குரூ டிரைவரின் முறுக்கு அதற்குக் காணாது. கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்புவதே வழி. குருநகர்ப் பக்கம் படகு எஞ்சினோடு இதைச் செய்கிறவர்கள், பெற்றோல் தாங்கியைத் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் பொறி பறக்கும் எந்த வேலையையும் தொட வேண்டும்.

கிரைண்டர் எடுத்தே ஆக வேண்டிய இடமும் வரும். அப்போது பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். வாசிக்கும் கண்ணாடியும் கூலிங் கிளாஸும் அதற்கு ஈடாகாது. கருவிழியில் ஒட்டிய இரும்புத் துகளைச் சுற்றிச் சில மணி நேரத்திலேயே துரு வளையம் உண்டாகத் தொடங்கும். கைக்குட்டை நுனி, தீக்குச்சி, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். தூசு மாதிரி உறுத்தினால் சுத்தமான தண்ணீரால் கழுவி, போகாவிட்டால் கண் வைத்தியரிடம் போங்கள். வேகமாக வந்து குத்தியது போலிருந்தால் கழுவாமல், கசக்காமல், அழுத்தாமல் மூடிக்கொண்டு உடனே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். இரும்பு வெட்டியதைக் கட்டாயம் சொல்லுங்கள். துகள் உள்ளே போயிருக்கிறதா என்று அவர்கள் தேடுவது அதை வைத்துத்தான். பல வருடம் கழித்து எம்.ஆர்.ஐ எடுக்க நேர்ந்தாலும் இதைச் சொல்லுங்கள். கண்ணுக்குள் தங்கிய இரும்பை அந்தக் காந்தம் அசைத்துவிடும்.