நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழாத மாரடைப்பு

போன வாரம் அம்மாவோடு உட்கார்ந்து ‘வியட்நாம் வீடு’ பார்த்தேன். 1970-இல் வந்த படம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிரெஸ்டீஜ் பத்மநாபன் சொந்த வீட்டுக்குள்ளேயே சிறுத்துப்போவதைச் சிவாஜி எப்படிக் காட்டியிருக்கிறார்! கடைசியில் சந்தோஷம் தாங்காமல் அவர் இதயம் நின்றுவிடுகிறது. அம்மா அழுதார்கள், நானும்தான்.

ஆனால் காரைக்குடியில் மருத்துவம் பார்க்கிறவனாக எனக்கு ஒரு கவலை உண்டு. 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தை ஏ.வி.எம். எடுத்தது எங்கள் ஊரில்தான். சினிமா சொன்னது இங்கே மனதில் அப்படியே நிற்கும். அதிர்ச்சிச் செய்தி, நெஞ்சில் கை, தரையில் சரிவு: மாரடைப்பென்றால் எல்லோருக்கும் இதுதான் படம்.

பக்கத்து ஊர் ஆச்சி ஒருவருக்குப் பல வருடச் சர்க்கரை. விடியற்காலை 4 மணிக்கு மேல்வயிறு எரிந்து, தாடை கடுத்து, ரவிக்கையைப் பிழிகிற அளவுக்கு வேர்த்திருக்கிறது. வாயு என்று ஓமத்தண்ணீர், அப்புறம் சோடா. வீட்டுப் பட்டாலையில் படுத்தே கிடந்திருக்கிறார். மகன் கூட்டிவந்தபோது மணி 11. ஈசிஜி பார்த்துச் சொன்னேன். “நெஞ்சு வலிக்கவே இல்லையே தம்பி, எப்படி அட்டாக்குங்கிறீக?” என்றார்.

7 மணி நேரம். ரத்தக்குழாய் அடைத்துக் கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். நாள்பட்ட சர்க்கரை நரம்பைக் கெடுப்பதால் வலியே தெரியாமல் போகலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மூச்சு வாங்கல், குமட்டல், காரணமில்லாத களைப்பு என்று வரலாம்.

நேற்றுப் பார்த்த புதுப்படத்தில் மானிட்டரில் நேர்க்கோடு, உடனே ஷாக், நாயகன் கண் திறக்கிறான். நேர்க்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. இதயம் தாறுமாறாக அதிரும்போதுதான் அது உதவும். ஒருவர் நினைவிழந்து, மூச்சும் இல்லாமல் கிடந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதை ஒரு படமாவது முழுசாகக் காட்டக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

தாடையிலிருந்து மேல்வயிறு வரை எங்கே இறுக்கமோ எரிச்சலோ வந்தாலும், கூடவே வேர்த்தால், சோடா வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

அந்த ஆச்சி பிழைத்துவிட்டார். ஆனால் வீட்டு முகப்பிலிருந்து பின்னாலுள்ள இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் இப்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுகிறார்.