வியூமாடலுக்குத் திரை தெரியக்கூடாது

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த மென்பொருள் குழுவில், நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்டுகள் இரவில், நிரலைத் தொகுக்கும் பில்டு சர்வரில் ஓடும். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், நள்ளிரவுக்குப் பிறகு ஏதோ ஒரு டெஸ்டில் சிக்கி, நேர வரம்பு தாண்டி, மொத்த ஓட்டமும் தோல்வி என்று முடிந்திருந்தது. தேடிப் பிடித்தபோது, பதிவை நீக்கும் திரையின் பின்னணி நிரலான வியூமாடலுக்குள் 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்கும் மெசேஜ்பாக்ஸை யாரோ நேரடியாக அழைத்திருந்தது தெரிந்தது. அந்த யாரோ நான்தான். ஆளில்லாத சர்வரில் அந்தப் பெட்டி, 'ஆம்' என்பதை அழுத்த ஒருவர் வருவார் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எம்விவிஎம் எனப்படும் மாடல்–வியூ–வியூமாடல் அமைப்பைப் புதிதாகக் கற்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மாடல் என்பது தரவும் அதன் விதிகளும். வியூ என்பது கண்ணுக்குத் தெரியும் திரை. திரையில் என்ன காட்ட வேண்டும், எந்தப் பொத்தான் இப்போது அழுத்தத்தக்க நிலையில் இருக்க வேண்டும் என்ற விவரங்களை எல்லாம் வைத்திருப்பது வியூமாடல். இந்த வரையறையை எவரும் ஐந்து நிமிடங்களில் ஒப்பித்துவிடலாம். வியூவுக்கு வியூமாடலைத் தெரியும், ஆனால் வியூமாடலுக்குத் தன்னை யார் காட்டுகிறார்கள் என்பதே தெரியக்கூடாது என்ற ஒருவழிப் பாதைதான் கைக்கு வர நாளாகிறது. கோப்புக்கு வியூமாடல் என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே டெக்ஸ்ட்பாக்ஸையும் சாளரத்தையும் பெயர் சொல்லி அழைக்கும் நிரல்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

இந்தப் பிரிவினை திடீரென்று முளைத்ததன்று. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1979-இல் ட்ரிக்வே ரீன்ஸ்காக் மாடல்–வியூ–கன்ட்ரோலர் எனப்படும் எம்விசி அமைப்பை வகுத்தார். 2004-இல் மார்ட்டின் ஃபௌலர், திரையின் நிலையைத் திரையிலிருந்து பிரித்துத் தனி நிரல் அலகான கிளாஸில் வைக்கும் முறையைப் பிரசன்டேஷன் மாடல் என்ற பெயரில் விவரித்தார். மைக்ரோசாஃப்டின் ஜான் காஸ்மன் 2005 அக்டோபரில் எம்விவிஎம் பற்றி எழுதியபோது, விண்டோஸ் திரைகளை உருவாக்கும் டபிள்யூபிஎஃப் கட்டமைப்பு வெளிவரவே இன்னும் ஓராண்டு இருந்தது. அவர் சொன்னதை நடைமுறையில் சாத்தியமாக்கியது டபிள்யூபிஎஃப்பின் பைண்டிங். திரையையும், வியூமாடலில் மதிப்பை வைத்திருக்கும் பிராபர்ட்டியையும் இணைக்கும் வேலையை அந்த இயந்திரம் எடுத்துக்கொண்டதால்தான் வியூமாடலால் திரையைப் பாராமல் இருக்க முடிகிறது.

பைண்டிங் எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமல் இந்த அமைப்பைக் கற்பது வீண். விலைச்சீட்டுத் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவு, விலை, மொத்தம் என மூன்று பிராபர்ட்டிகள். மொத்தம் என்பது மற்ற இரண்டின் பெருக்கல். அளவை 3-லிருந்து 5 ஆக மாற்றினால், அளவுக்குப் புது மதிப்பை இடும் செட்டர் 'அளவு மாறிவிட்டது' என்று மாற்றத்தை அறிவிப்பதற்கான ஒப்பந்தமான ஐநோட்டிஃபை பிராபர்ட்டி சேஞ்ச்டு இன்டர்ஃபேஸ் வழியாக அறிவிக்கிறது. ஆனால் திரையில் மொத்தம் பழையபடியே நிற்கிறது. கணக்கில் தவறில்லை; மொத்தமும் மாறிவிட்டது என்று எவரும் அறிவிக்கவில்லை, அவ்வளவுதான். பைண்டிங் தானாக எதையும் ஊகிப்பதில்லை, தன் காதில் விழுந்த பெயரை மட்டுமே மறுபடி படிக்கும். அந்தப் பெயரைச் சரமாக, அதாவது வெறும் எழுத்துக்கோவையாக எழுதி, ஓரெழுத்து பிழையாகிவிட்டாலும் நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் வாய் திறக்காது. 2015-இல் சி ஷார்ப் நிரல்மொழியின் 6-ஆம் பதிப்புடன் வந்த, பெயரைக் கம்பைலரே சரிபார்க்கச் செய்யும் நேம்ஆஃப் இந்த வகைப் பிழையைப் பெரிதும் குறைத்தது. திரையின் வடிவத்தை எழுதும் எக்ஸாமல் பக்கத்தில் பைண்டிங் பாதையைத் தவறாக எழுதினால், செயலி விழாது. நிரலெழுதும் கருவியின் அவுட்புட் சாளரத்தில் ஒரு வரி வரும், திரையில் இடம் வெறுமையாக இருக்கும். அந்தச் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யும் பழக்கம் எனக்குப் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இன்னொரு பொறி, பயனர்களிடமிருந்து புகாராக வரும் வகை. டபிள்யூபிஎஃப்பில் டெக்ஸ்ட்பாக்ஸின் எழுத்து, இயல்பாக ஃபோகஸ் (தட்டச்சை ஏற்கும் நிலை) அதைவிட்டு நீங்கும்போதுதான் வியூமாடலுக்குப் போகும். பொத்தான் வரிசையான டூல்பாருக்குத் தனி ஃபோகஸ் எல்லை உண்டு. ஆகவே அதிலுள்ள 'சேமி' பொத்தானை அழுத்தினாலும் டெக்ஸ்ட்பாக்ஸ் ஃபோகஸை இழந்ததாகக் கணக்கில்லை. கடைசியாகத் தட்டச்சு செய்த பெயர் திரையில் தெரியும், சேமித்த பதிவில் இராது. ஒவ்வோர் எழுத்துக்கும் மதிப்பை அனுப்புமாறு அந்த பைண்டிங்கில் குறிப்பிட்டால் இது தீரும்.

ஆண்ட்ராய்டுக்கு 2017-இல் கூகுள் அளித்த வியூமாடல் கிளாஸ் இதே பெயரில் இருந்தாலும், அதன் சிறப்பு வேறு: கைப்பேசியைத் திருப்பும்போது திரையைத் தாங்கும் ஆக்டிவிட்டி அழிந்து மறுபடி உருவாகும், வியூமாடல் பிழைத்திருக்கும். அதற்குள் ஆக்டிவிட்டியைப் பிடித்து வைத்தால், அழிய வேண்டிய பழைய திரை நினைவகத்திலேயே தங்கிவிடும். விதி அதேதான், தண்டனை மட்டும் இங்கே விரைவில் வருகிறது.

எல்லாத் திரைக்கும் இது வேண்டியதில்லை. எளிய திரைகளுக்கு இது மிகை என்று காஸ்மனே எழுதியிருக்கிறார். இரண்டு பொத்தான் உள்ள அமைப்புப் பெட்டிக்கு நான்கு கிளாஸ்கள் எழுதுவதை நானும் ஊக்குவிப்பதில்லை. அதேபோல், வியூவின் கோட்-பிஹைண்டில் (திரையோடு இணைந்த நிரல் கோப்பில்) ஒரு வரிகூட இருக்கக்கூடாது என்ற வைராக்கியமும் தேவையற்றது. பட்டியலைக் கடைசி வரிக்கு நகர்த்துவது திரையின் வேலை. அந்த வரி திரையின் கோப்பிலேயே இருக்கலாம்.

என் பழைய மெசேஜ்பாக்ஸை, 'உறுதிசெய்' என்ற ஒரே மெத்தட் கொண்ட சிறிய இன்டர்ஃபேஸின் பின்னால் தள்ளினேன். செயலியில் அது பெட்டியைத் திறக்கும்; டெஸ்டில் அதற்குப் பதிலாக நிற்கும் போலி, எப்போதும் 'இல்லை' என்று சொல்லும். அதனால் 'இல்லை' என்றால் பதிவு நீங்காமல் இருக்கிறதா என்பதையும் முதன்முறையாகச் சோதிக்க முடிந்தது. கற்பவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சியும் இத்தகையதே: எந்த நூலகமும் இல்லாமல், அறிவிப்பையும், பொத்தானின் செயலை வியூமாடலில் வைக்கும் கட்டளையையும் கையால் எழுதி ஒரே ஒரு திரையைக் கட்டுங்கள்; சாளரம் எதையும் திறக்காமல் அதன் வியூமாடலுக்குப் பத்து டெஸ்டுகள் எழுதுங்கள். அறிவிப்பு நிரலைத் தானே உருவாக்கித் தரும் எம்விவிஎம் டூல்கிட்டை அடுத்த திரைக்கு வைத்துக்கொள்ளலாம்.