தேடுபொறியில் சிக்காத நூல் இல்லாத நூல் அன்று

சென்ற வாரம் ஆய்வு மாணவி ஒருவர் கண்கலங்கி எங்கள் நூலகத்துக்கு வந்தார். சிலப்பதிகாரத்தின் பழைய பதிப்பை ‘இலவச பிடிஎஃப்’ என்று காட்டிய ஒரு தளத்தில் வங்கி அட்டை எண்ணைக் கொடுத்துப் பணத்தை இழந்திருந்தார். இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்தவர்களில் அவர் நான்காமவர். நால்வரும் சொன்னது ஒன்றே: “கூகுளில் தேடினேன், வேறெங்கும் இல்லை.”

இந்த எண்ணத்தை எத்தனை முறை மறுப்பது? பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டே இணையத்தில் உள்ளன. படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடுபொறிக்கு எப்போதும் எட்டுவதில்லை என்பதால், அந்தந்தத் தளத்துக்குள் சென்று தலைப்பையும் பதிப்பாசிரியர் பெயரையும் இட்டுத் தேடவேண்டும். வேர்ல்ட்கேட் போன்ற உலக நூற்பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், நூலகங்களுக்கென வகுக்கப்பட்ட ஒலிபெயர்ப்பு முறையில் பதிவாகியிருக்கும். அம்முறையில் சிலப்பதிகாரம் ஆங்கில ‘எஸ்’ (S) எழுத்தில் அல்ல, ‘சி’ (C) எழுத்தில் தொடங்கும். இடையில் வரும் ‘தி’க்கு ‘எச்’ (h) சேராது, ‘ti’ என்றே வரும். நூற்பட்டியலாக்கம் பயின்ற எங்களுக்கே இது கைவரச் சில காலம் பிடித்தது. ‘எஸ்’ இட்டுத் தேடிவிட்டு நூலே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை முதலில் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உருவாக்கிய எழுத்துவடிவ நூல்கள் கிடைக்கும். ஒரு சொல்லைத் தேட அவையே உகந்தவை. ஆனால் அச்சுநூலின் பக்க எண் அவற்றில் பெரும்பாலும் இராது, ஆகவே உ. வே. சாமிநாதையரின் 1892ஆம் ஆண்டுச் சிலப்பதிகாரப் பதிப்பை மேற்கோள் காட்டவேண்டுமானால் படவடிவத்தையே நாடுங்கள். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ தளம் இருக்கிறது; 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு அதன் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

இலவசம் என்று சொல்லிவிட்டு அட்டை எண் கேட்கும் தளத்தை அக்கணமே மூடுங்கள். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது நூல் அன்று, செயலி, திறக்காதீர்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. வாழும் எழுத்தாளரின் புதினத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் இணையவழி மோசடிகளுக்கான உதவி எண்ணான 1930ஐ உடனே அழையுங்கள். அந்த மாணவி வீட்டுக்கு அஞ்சி மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.